பூல் ஆட்டக்காரர் கதைகளில் மெய் எது, புனைவு எது?

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் சங்கக் கட்டடத்தின் மாடியில் பிள்ளைகளுக்காக ஒரு பூல் மேசை வாங்கிப் போட்டோம். திறப்பு நாளன்று என்னை ஏதாவது பேசச் சொன்னார்கள். எனக்குப் பேசக் கேட்க வேண்டுமா? 'தி ஹஸ்லர்' என்ற பழைய ஆங்கிலப் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் மின்னசோட்டா ஃபேட்ஸ் என்று ஒரு மகா ஆட்டக்காரர் இருந்தார், பணயம் வைத்த ஆட்டத்தில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை, உலகச் சாம்பியன் வில்லி மோஸ்கோனியையே மண்ணைக் கவ்வ வைத்தார், அவர் கதையைத்தான் படமாக எடுத்தார்கள் என்று அளந்துவிட்டேன். நல்ல கைதட்டல். கீழே இறங்கி வரும்போது, எட்டாவது படிக்கும் ஒரு பெண் குழந்தை என் பக்கத்தில் வந்து, "தாத்தா, அவர் தோற்கவே இல்லைன்னு யார் எழுதி வெச்சாங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது, நான் மேடையில் சொன்ன நாலு சேதியில் ஒன்றுகூட உருப்படியாக நிற்கவில்லை. எங்கள் சமண நெறியில் இல்லறத்தார்க்குச் சொன்ன சத்திய அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் உண்டு. அதில் ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய்ப் பத்திரம், பொய்க் கணக்கு எழுதுவது. நான் வாயால்தான் சொன்னேன், எழுதவில்லை என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நாற்பது வருஷம் பேரேடு எழுதினவனுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. சொன்ன கணக்கை நேர் செய்யத்தான் இந்தக் கட்டுரை. (சூது ஏழு விசனங்களில் முதலாவது ஆயிற்றே, அதைப் பற்றி நீர் எழுதலாமா என்று எங்கள் பெரியவர்கள் கேட்கக்கூடும். ஆடச் சொல்லி எழுதவில்லை.)

முதலில் ஆட்டம் எது என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் பெரியவர்கள் அறிந்தது பில்லியர்ட்ஸ். 1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பட்டம் வென்றது அதில்தான். ஸ்னூக்கர் நம் மண்ணில் பிறந்த ஆட்டம். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற பட்டாள அதிகாரி அதைத் தொடங்கிவைத்தார். 1882-ல் அதன் விதிகள் நம் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. பூல் இவை இரண்டும் அல்ல. ஆறு குழிகள் உள்ள சிறிய மேசை, எண் போட்ட பதினைந்து பந்துகள், அடிப்பதற்கு ஒரு வெள்ளைப் பந்து. இது வேர்விட்டு வளர்ந்தது அமெரிக்காவில்.

பூல் என்ற பெயரே ஒரு கதை சொல்லும். பலர் போடும் பணயத்தை ஒன்றாகச் சேர்ப்பதற்கு ஆங்கிலத்தில் பூல் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பூல்ரூம் என்றால் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கூடம். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஜனங்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதென்று அங்கே மேசைகளைப் போட்டார்கள். கூடத்தின் பெயரும் கெட்ட பெயரும் சேர்ந்து ஆட்டத்தின்மேல் ஒட்டிக்கொண்டன. ஆக, இந்த ஆட்டக்காரர்களைச் சுற்றிச் சூதாட்டக் கதைகள் முளைப்பதற்கான நிலம் முன்னமே உழுது கிடந்தது.

இப்போது மின்னசோட்டா ஃபேட்ஸுக்கு வருவோம்.

வால்டர் டெவிஸ் என்ற எழுத்தாளர் 1959-ல் 'தி ஹஸ்லர்' நாவலை வெளியிட்டார். ஹஸ்லர் என்றால், தன் திறமையை மறைத்துக்கொண்டு, அப்பாவி மாதிரி ஆடி, எதிராளியைப் பெரிய பணயத்துக்கு இழுத்து, பிறகு அடித்துப் பிடுங்குகிறவன். நாவலில் எடி ஃபெல்சன் என்ற இளைஞன் சிகாகோவுக்கு வந்து மின்னசோட்டா ஃபேட்ஸ் என்ற பருத்த ஆட்டக்காரரோடு மோதுகிறான். 1961-ல் ராபர்ட் ராசன் அதைப் படமாக எடுத்தார். எடியாக பால் நியூமன், ஃபேட்ஸாக ஜாக்கி கிளீசன். படத்தில் சிகாகோ போய் நியூயார்க் வந்துவிட்டது.

இந்தக் காலத்தில் ருடால்ஃப் வாண்டரோன் என்று நிஜமாகவே ஓர் ஆட்டக்காரர் இருந்தார். நியூயார்க்கில் பிறந்தவர். தாய் தந்தையர் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்கள். பருமனான ஆள், வாய்ச்சாலகர். அவரை நியூயார்க் ஃபேட்ஸ், பிராட்வே ஃபேட்ஸ் என்றெல்லாம் அழைத்தார்கள். பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டு தெற்கு இல்லினாய் மாநிலத்தில் குடியேறினார். மின்னசோட்டாவுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படம் வந்து ஓடியதும், "அந்த ஃபேட்ஸ் நான்தான்" என்று கிளம்பிவிட்டார். பெயரையே மின்னசோட்டா ஃபேட்ஸ் என்று மாற்றிக்கொண்டார். தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தினார், 1966-ல் சுயசரிதை வெளியிட்டார், ஊர் ஊராகப் போய் ஆடிக்காட்டினார்.

நாவலாசிரியர் டெவிஸ் இதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பாத்திரம், பெயர் உட்பட, தன் கற்பனை என்று அச்சிலேயே சொல்லிவிட்டார். படைத்தவன் ஒரு பக்கம் மறுக்க, படைக்கப்பட்டவன் தானே என்று இன்னொருவர் வந்து நிற்கிறார். ஜனங்கள் யாரை நம்பினார்கள்? டெவிஸை அல்ல. ஏனென்றால் டெவிஸ் மேசைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லவில்லை, வாண்டரோன் சொன்னார்.

இதில் ஒரு வேடிக்கை. படத்துக்கு ஆட்ட ஆலோசகராக இருந்தவர் வில்லி மோஸ்கோனி. பணயப் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்பவராகப் படத்தில் தலையும் காட்டுவார். படம் வெளியான சமயத்தில், அந்த ஃபேட்ஸ் பாத்திரம் நியூயார்க் ஃபேட்ஸை வைத்து எழுதப்பட்டது என்று பேட்டியில் சொல்லிவிட்டவரும் இதே மோஸ்கோனிதான் என்பார்கள். பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரைக் கேட்டாலே அவருக்கு எரிச்சல். தானே விதைத்ததை யாரிடம் போய் நோவது?

"தோற்றதே இல்லை" என்ற சேதியைப் பார்ப்போம். வாண்டரோன் பெரிய சாம்பியன் போட்டி எதையும் வென்றதில்லை. கேட்டால், கோப்பைக்கு ஆடுவது பிள்ளை விளையாட்டு, பணம் வைத்த ஆட்டத்தில் என்னைப் பார் என்பார். இது கெட்டிக்காரத்தனமான பதில். போட்டிக்குக் கணக்கேடு உண்டு, பத்திரிகைச் செய்தி உண்டு. பணய ஆட்டத்துக்கு என்ன உண்டு? ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கூடத்தில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எந்தச் சிட்டாவிலும் ஏறாது. எங்கே பதிவு இல்லையோ அங்கே போய் நின்றுகொண்டு, அங்கேதான் நான் ராஜா என்கிறார். வியாபாரத்தில் இப்படி ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "பில் போட்ட சரக்கைப் பார்க்காதீங்க, பில் இல்லாமப் போனதுதான் என் நிஜ வியாபாரம்" என்பார்கள்.

கணக்கில் ஏறிய ஆட்டம் ஒன்று உண்டு. 1978 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் மோஸ்கோனியும் வாண்டரோனும் நேருக்கு நேர் மோதினார்கள். ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது, வர்ணனை ஹோவர்ட் கோசெல். மோஸ்கோனி சுலபமாக ஜெயித்தார். ஃபேட்ஸ் ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார், பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். தோற்றதால் அவர் புகழ் குறைந்ததா? இல்லை. இன்றும் பூல் தெரியாத அமெரிக்கரிடம் ஒரு பெயர் கேட்டால் அவர் பெயரைச் சொல்லத்தான் வாய்ப்பு அதிகம்.

அவரை ஒரேயடியாகப் போலி என்று தள்ளுவதும் பொய்க்கணக்குத்தான். நன்றாக ஆடத் தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. பூல் ஆட்டத்தை ஜனங்களிடம் கொண்டுபோனதில் அவர் பங்கு பெரியது. 1984-ல் அமெரிக்க பில்லியர்ட் காங்கிரஸின் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது, சிறந்த ஆட்டக்காரர் பிரிவில் சேர்க்காமல், சிறந்த சேவை செய்தவர் பிரிவில் சேர்த்தார்கள். எவ்வளவு நுணுக்கமான பேரேட்டுத் தலைப்பு பாருங்கள்! சரியான கணக்கு, சரியான பக்கத்தில். அவர் 1996-ல் நாஷ்வில்லில் காலமானார்.

இதற்கு அடியில் ஒரு சின்னத் தர்க்கம் இருக்கிறது. அது எனக்கு விளங்க ரொம்ப நாளாயிற்று. ஹஸ்லர் தொழிலுக்கு முதலே யாருக்கும் தெரியாமல் இருப்பது. முகம் தெரிந்துவிட்டால் எவன் பணம் வைப்பான்? ஆகவே 'உலகப் புகழ்பெற்ற ஹஸ்லர்' என்பது மலடி மகன் என்பது மாதிரி. புகழ் வந்த அன்றே அவன் அந்தத் தொழிலை விட்டாயிற்று; அதன் பிறகு அவன் விற்கும் சரக்கு ஆட்டம் அல்ல, கதை. ஒரு ஹஸ்லரின் கதை நம் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றாலே, அதைச் சொன்னவனுக்கு அதில் ஏதோ ஆதாயம் இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நெட் பொல்ஸ்கி என்ற சமூகவியலாளர் 1967-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தத் தொழிலைக் கிட்டத்தில் இருந்து ஆராய்ந்திருக்கிறார். அவரே பூல் ஆடுகிறவர், கூடங்களில் பழகினவர். அவர் காட்டும் ஹஸ்லர் சினிமா வீரன் அல்ல. முதல் போட ஒரு ஆளை வைத்துக்கொண்டு, லாபத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, எதிராளிக்கு எத்தனை பந்து சலுகை தரலாம் என்று பேரம் பேசியே பொழுதைக் கழிக்கிறவன். ஆட்டம் பேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. படித்தபோது எனக்கு எங்கள் கடைத்தெரு ஞாபகம்தான் வந்தது. படத்தால் பூல் கூடங்களுக்கு வந்த கூட்டம் நிலைக்காது என்றும் அவர் எழுதினார். கல்யாணம் ஆகாத ஆண்கள் கூடிப் பொழுதுபோக்கும் வாழ்க்கைமுறையை நம்பித்தான் அந்தக் கூடங்கள் இருந்தன, அந்த வாழ்க்கைமுறையே தேய்ந்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணம்.

சரி, மோஸ்கோனி கதை மட்டும் அப்பழுக்கில்லாததா? அதையும் சோதிப்போம்.

அவர் 1913-ல் பிலடெல்ஃபியாவில் பிறந்தார். 1941-க்கும் 1957-க்கும் நடுவில் 15 முறை உலகப் பட்டம். இது பதிவில் இருக்கிறது. அவர் பெயரோடு ஒட்டிய எண் 526. 1954 மார்ச் 19 அன்று ஒஹாயோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், தவறாமல் தொடர்ச்சியாக 526 பந்துகளைக் குழியில் போட்டார். எந்தப் பந்து எந்தக் குழி என்று முன்கூட்டியே சொல்லி அடிக்க வேண்டும். பதினான்கு பந்து போனதும், பதினைந்தாவதை அப்படியே விட்டுவிட்டு, மற்ற பதினான்கையும் மறுபடி முக்கோணச் சட்டத்தில் அடுக்குவார்கள். மிச்சமிருந்த அந்த ஒன்றைக் குழியில் போட்டபடியே அடுக்கையும் கலைத்துத் தொடர வேண்டும். 526 என்றால் 37 அடுக்கு முடிந்து மேலே 8 பந்து. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பார்த்திருந்தவர்கள் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆக, இது மெய்.

ஆனால் மெய்யைச் சுற்றியும் பாசி படரும். இந்த 526 உலகச் சாம்பியன் போட்டியில் அடித்தது என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, அது ஒரு காட்சி ஆட்டம். எதிராளி உள்ளூர்க்காரர். இரண்டாவது, மேசை அளவு. சாம்பியன் போட்டிகளில் பெரிய மேசை. 9 அடி மேசை என்றால் பந்து ஓடும் தளம் 100 அங்குலத்துக்கு 50. ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்ததோ 8 அடி மேசை. வழக்கமான 8 அடி மேசையில் தளம் 88-க்கு 44தான். மேசை சிறிதானால் தூர அடிகள் குறையும், குறி தப்பும் வாய்ப்பும் குறையும். அதே நேரம் பந்துகள் நெருக்கமாகி ஒன்றையொன்று மறைக்கும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும், எண்ணைச் சொல்கிறவன் மேசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துணி விலை சொல்லும்போது பன்னா எவ்வளவு என்று சொல்லாவிட்டால் அது விலையா?

மூன்றாவது, 526-ல் அவர் தவறவே இல்லை, களைத்துப்போய்க் கோலைக் கீழே வைத்துவிட்டார் என்ற கதை. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் 1993-ல் வந்த தன் சுயசரிதையில் அவர், கடினமான ஓர் அடி தவறியது, களைத்திருந்ததால் அது நிம்மதியாகக்கூட இருந்தது என்ற பொருள்படச் சொல்கிறார். தவறினவரே தவறினேன் என்கிறார். ரசிகர்கள் விடமாட்டேன் என்கிறார்கள்.

அந்த எண் 65 வருஷம் நின்றது. 2019 மே மாதம் ஜான் ஷ்மிட் கலிபோர்னியாவில் 9 அடி மேசையில் 626 போட்டார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் முழுப் படத்தையும் பொதுவில் உடனே வெளியிடவில்லை என்று தகராறு. 2022 ஜனவரியில் ஸ்காட்லாந்துக்காரர் ஜேசன் ஷா 714-ஐத் தொட்டார். நான் கவனித்தது என்னவென்றால், 1954-ல் கூட இருந்தவர்களின் கையெழுத்து போதுமாக இருந்தது. 2019-ல் வீடியோ இருந்தும் ஜனங்களுக்குத் திருப்தி இல்லை. சாட்சியம் கூடக்கூட நம்பிக்கை கூடும் என்பதில்லை போலிருக்கிறது.

இடையில் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'தி ஹஸ்லர்' படத்தில் ஜாக்கி கிளீசன் பெரும்பாலான அடிகளைத் தானே அடித்தார், நிஜமாகவே நல்ல ஆட்டக்காரர். நியூமனுக்கு மோஸ்கோனி சொல்லிக்கொடுத்தார், கஷ்டமான அடிகளுக்குத் தன் கையையும் கொடுத்தார். 1986-ல் வந்த 'தி கலர் ஆஃப் மனி'யில் டாம் குரூஸ் ஏறக்குறைய எல்லாவற்றையும் தானே அடித்தார். இரண்டு பந்துக்கு மேல் வெள்ளைப் பந்தைத் தாண்டவைக்கும் ஓர் அடி மட்டும் சாம்பியன் மைக் சீகலுடையது. சர்க்கஸ் மாதிரி ஆறு பந்தும் ஒரே அடியில் ஆறு குழிக்குள் போவதைப் பார்த்து நம் பையன்கள் வாய் பிளக்கிறார்கள். அதெல்லாம் பந்துகளை முன்கூட்டியே ஒட்டி வைத்துச் செய்வது. ஒன்றையொன்று தொட்டபடி வைத்த பந்துகள் போகும் திசை பெரும்பாலும் வைத்த கோணத்திலேயே முடிவாகிவிடும். அடுக்கினவனுக்குத்தான் பாதி மார்க்.

நம் ஆசியாக்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட்டால் பையன்கள் கோபித்துக்கொள்வார்கள். பிலிப்பைன்ஸ் எஃப்ரென் ரேயஸ் 1954-ல் பிறந்தவர். மணிலாவில் மாமா நடத்திய பூல் கூடத்தில் வளர்ந்தார். 1985-ல் அமெரிக்கா போய், சீசர் மொராலெஸ் என்ற பொய்ப் பெயரில் ஹூஸ்டன் நகரப் போட்டியில் ஆடி ஜெயித்தார். சினிமா மாதிரி இருந்தாலும் இது நடந்ததுதான். அவர் பெயர் ஏற்கெனவே அங்கே பரவியிருந்தது. நிஜப் பெயரில் போனால் பணயத்துக்கு ஆள் கிடைக்காது. நான் முன்னே சொன்ன தர்க்கம் இங்கேயும் நிற்கிறது. ஆனால் அந்தப் பயணத்தில் 22 நாளில் 80,000 டாலர் வாரிக்கொண்டு போனார் என்கிறார்களே, அதை என்ன செய்வது? சூதாட்டத்துக்கு ரசீது கிடையாது. அதற்கு மாறாக, 1996-ல் ஹாங்காங்கில் ஏர்ல் ஸ்டிரிக்லாண்டை 120-க்கு 117 என்று மயிரிழையில் வென்று ஒரு லட்சம் டாலர் பெற்றது பதிவில் இருக்கிறது. 1999-ல் கார்டிஃபில் உலக நைன்பால் பட்டம் வென்றதும் அப்படியே.

சாட்சியம் எழுத்தில் இருந்தால் போதும் என்று நினைத்திருந்த எனக்கும் இவர் கதையில் ஓர் இடி காத்திருந்தது. 2006-ல் ரீனோ நகரில் ஐபிடி அமைப்பின் போட்டியில் ரேயஸ் முதல் பரிசு வென்றார், 5,00,000 டாலர். பூல் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய முதல் பரிசு இருந்ததில்லை என்று எல்லாப் பத்திரிகையும் போட்டது. போட்டி முடிந்த பிறகு, பரிசுப் பணம் கொடுக்க எங்களிடம் போதிய நிதி இல்லை, தவணையில் தருகிறோம் என்று அமைப்பு ஆட்டக்காரர்களிடம் கையை விரித்தது. ஆக, பேரேட்டில் வரவு, பெட்டியில் பூஜ்யம். சூதாடி சொன்ன 80,000 ஒருவேளை ரொக்கமாகக் கைக்கு வந்திருக்கலாம்; அறிவித்துக் கொடுத்த 5,00,000 அன்றைக்கு வரவில்லை.

எங்கள் அநேகாந்தவாதத்தைத் தெரிந்த அன்பர் ஒருவர், "எல்லாக் கதையிலும் ஒரு கோணத்தில் உண்மை உண்டுன்னு உங்க சமயமே சொல்லுதே, ஏன் இத்தனை பாடு?" என்றார். அது அப்படி அல்ல. எந்தக் கோணத்தில் என்று சொல்லாமல் உண்மை என்று சொல்லக்கூடாது என்பதுதான் அங்கே கட்டளை. 'மோஸ்கோனி 526 போட்டார்' என்பது 8 அடி மேசை, காட்சி ஆட்டம் என்ற கோணத்தில் மெய். 'ஃபேட்ஸ் தோற்றதில்லை' என்பதற்கு எந்தக் கோணமும் கிடைக்கவில்லை.

வரவும் வைக்க முடியாமல் தள்ளவும் முடியாமல் இருக்கும் தொகையை அனாமத்தில் வைப்போம், இல்லையா? என் அனாமத்தில் இப்போது இரண்டு சேதி கிடக்கிறது. ஒன்று ரேயஸின் 80,000. இன்னொன்று மோஸ்கோனியின் சிறுவயதுக் கதை. அவர் தகப்பனார் பூல் கூடம் நடத்தினவர். மகன் மேடை நடிகனாக வேண்டும் என்று ஆசை. பந்தையும் கோலையும் பூட்டி வைத்துவிட்டார். பையன் அம்மாவின் சமையலறையிலிருந்து உருண்டையான சின்ன உருளைக்கிழங்குகளை எடுத்து, துடைப்பக் கட்டையால் அடித்துப் பழகினான் என்பது கதை. இதற்குச் சாட்சி மோஸ்கோனி ஒருவரே.

போன மாதம் அந்தப் பெண் குழந்தையைச் சங்கத்தில் பார்த்தபோது எல்லாவற்றையும் சொல்லி, மூன்று வருஷத்துக்கு முன் நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். ஃபேட்ஸ் பற்றி அவளுக்கு அக்கறையே இல்லை. "உருளைக்கிழங்கு எப்படித் தாத்தா நேரா உருளும்?" என்றாள். உருட்டிப் பார்த்துச் சொல்லலாம்தான். எங்கள் வீட்டில் கிழங்கு வாங்குவதில்லை.